கையொப்பம் இல்லாத கடிதம்

நம் பார்சர் மென்பொருளின் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட நீங்கள் மூவரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்டீர்கள். நமக்குள் மட்டும் வைத்திருக்கும் பொறுப்பாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் தொலைபேசி எண் எதற்கு என்று. வேறு எந்த மென்பொருள் குழுவிலும் இப்படி ஒரு வழக்கத்தைப் பார்த்ததில்லை என்றீர்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை. சொல்லிவிடுகிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்காக நாலு வரி. ஒரு கணினி மொழியில் எதற்குப் பின் எது வரலாம் என்ற விதிகளைச் சுருக்கக் குறியீடுகளில் எழுதிவைப்பார்கள். அந்த விதிகளை வாசித்து, பிழை இருந்தால் சொல்லி, கணினிக்கு ஏற்றபடி பிரித்து அடுக்கிக் கொடுப்பது நம் பார்சர். வேறு மென்பொருள்களின் உள்ளே, யாரும் பெயர் கேட்காத இடத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது பிழைப்பு. காலையில் வேலைக்குப் புறப்படும் முன்பும், மாலையில் குளத்தூருக்குத் திரும்பிய பின்பும் பார்சர்.

என்னைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நான் எதையும் நாளோடும் மணியோடும் குறித்துவைக்கிறவன். நெய்யாற்றில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, ஜூனில் வரும் இடவப்பாதி மழை எந்தக் கிழமை தொடங்கியது, கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் என் நோட்டுகளில் உண்டு. கேள்விப்பட்ட செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாமல் அதில் ஏற்றமாட்டேன். ஊரில் சிலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பார்சரைத் தொடங்கியவர் வேறு நாட்டுக்காரர். விலகும்போது உரிமையாளர் கணக்கை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விதி வைத்தார். எந்தப் புதிய பதிப்பும், வேறு எந்த மாற்றமும் இரண்டு பேர் கையொப்பம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. இந்தக் கையொப்பம் பேனாவால் போடுவதல்ல. அவரவர் கணினியில் பூட்டி வைத்திருக்கும் ரகசியச் சாவியால் போடுவது. வேறு யாராலும் அதைப் போலச் செய்ய முடியாது. முதல் கையொப்பம் என்னுடையது. இரண்டாவது, கே-ஏழு என்ற திரைப்பெயரில் எழுதிய ஒருவருடையது.

கே-ஏழும் நானும் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். பேசியதெல்லாம் எழுத்தில், எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்போம். அதனால் யாருக்கு எப்போது விடிகிறது என்று தெரியாது. சொந்த விஷயம் எதுவும் கேட்பதில்லை என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட பழக்கம். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. வயது தெரியாது. ஆனால் ஒரு திருத்தத்தைப் பார்த்தவுடன் அவர் எந்த இடத்தில் நிற்பார், எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். "இது சரிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வாசிக்கிறவருக்கு, ஏன் இப்படிச் செய்தோம் என்று தெரியாது. ஒரு வரி எழுதிவையுங்கள்" என்பார். ஒருமுறை புதியவர் ஒருவர் கேட்ட எளிய கேள்விக்கு நான் சுள்ளென்று பதில் எழுதிவிட்டேன். கே-ஏழு பொதுவில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தனியாக எழுதினார்: "அவர் தன் கேள்வியை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா?" போய்ப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் புதியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தினமும் காலையில் காப்பிக்கு முன் திரையைத் திறப்பேன். பெரும்பாலும் ஒரு குறிப்பு காத்திருக்கும். என் மனைவி கதவருகே நின்று கேட்பாள்.

"கே-ஏழு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"ஆளு ஆணா பெண்ணாண்ணு தெரியாம பதினோரு வருஷம் கடுதாசி எழுதுன மனுஷன் லோகத்துல நீங்க ஒருத்தர்தானாக்கும். எனக்கு இத்தன வருஷத்துல ஒரு கடுதாசி உண்டா?"

"நீ பக்கத்துலதானே இருக்க?"

"அதாக்கும் சொன்னேன். பக்கத்துல இருந்தா உங்களுக்குக் கண்ணு காணாது."

அன்று சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

இனி அந்தப் பத்து நாட்கள்.

இடவப்பாதி மழை தொடங்கிய இரண்டாம் வாரம், திங்கட்கிழமை. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் எங்கள் இருவருக்கும் ரகசியமாக எழுதினார். குறிப்பிட்ட விதமாக எழுதிய ஒரு சின்ன விதிக் கோப்பைக் கொடுத்தால் பார்சர் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி, தன்னை வைத்திருக்கும் மென்பொருளையே உறைய வைத்துவிடும். யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு கோப்பைத் தயாரித்து அனுப்பலாம். பத்தாம் நாள் புதன்கிழமை இரவு இதை உலகத்துக்கு அறிவிப்பேன், அதற்குள் சரிசெய்த பதிப்பை வெளியிட்டுவிடுங்கள் என்றார். கண்ணியமான மனிதர். ஆனால் நாளை நீட்டித் தர மாட்டார்.

கே-ஏழும் நானும் தனித்தனியாகத் திருத்தம் எழுதி, நல்லதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் குறிப்புகள் பறந்தன. வியாழன் மாலை அவர், "ஏறக்குறைய முடிந்தது. ஒரு சோதனை பாக்கி" என்று எழுதினார். அன்று மாலை இங்கே பெரும் காற்றும் மழையும். எங்கள் வீட்டிலும் கரண்ட் போனது. பதினான்கு மணி நேரம். வெள்ளி காலை வந்தது. நோட்டில் குறித்துவிட்டுத் திரையைத் திறந்தேன். கே-ஏழு இல்லை.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை முன்பகல் ஒரு கடிதம் வந்தது. தெரியாத முகவரி. ஆங்கிலத்தில் நாலு வரி. "நான் கே-ஏழு. என் இடத்தில் மின்சாரம் இல்லை. சாவி என் கணினியில் இருக்கிறது. திருத்தம் முடிந்துவிட்டது. தயவுசெய்து காத்திருங்கள். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." கீழே ஒரு கைபேசி எண். இந்திய எண். கையொப்பம் இல்லை.

அந்த நிலையில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று உண்மையாக யோசித்துப் பாருங்கள். வெளியே சொல்லாத ஓட்டை ஒன்று நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த நினைக்கிறவனுக்கு வேண்டியது, நாம் பதிப்பை வெளியிடாமல் காத்திருப்பது. கடிதம் கேட்பதும் அதைத்தான். கையொப்பம் இல்லாத எதையும் நம்புவதில்லை என்பது நானும் கே-ஏழும் சேர்ந்து எழுதிய விதி. பதினோரு ஆண்டில் தொலைபேசி என்ற பேச்சையே எடுக்காதவர் திடீரென்று எண் கொடுக்கிறார். அதுவும் என் நாட்டு எண். யாரோ நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவனைப்போல நடிக்கிறான் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து ஓர் எண் வந்திருந்தால் ஒருவேளை கூப்பிட்டிருப்பேன். பக்கத்து எண் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. கடிதத்தைக் குப்பையில் தள்ளினேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒரு செய்தியும் இல்லை. ரகசியம் என்பதால் வேறு யாரிடமும் யோசனை கேட்க முடியாது. கல்லூரியில் மாணவர்கள் கேட்டதற்கு வேறு எதையோ பதிலாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பிய பாசஞ்சரில், இறங்க வேண்டிய அமரவிளையைத் தாண்டி, பாறசாலையையும் தாண்டி, குழித்துறைப் பாலம் வந்த பிறகுதான் இறங்காமல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

"என்னத்துக்கு இப்பிடி உருகுறிய?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொல்லாமல், இரண்டாவது ஆள் இல்லாமல் ஒரு வேலை நிற்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சாண்ணு விசாரிச்சியளா?"

"எங்க போய் விசாரிக்க? ஊரு தெரியாது, பேரு தெரியாது."

"பின்ன பதினோரு வருஷமா என்னதான் எழுதுனிய ரெண்டு பேரும்?"

நான் மறுபடியும் திரையைத் திறந்தேன்.

புதன்கிழமை காலை. வெளியிட்ட பதிப்பு பயன்படுத்துகிறவர்களிடம் போய்ச் சேரச் சில மணி நேரமாவது வேண்டும். மாலைவரை காத்திருந்தால் வெளியிட்டும் பயன் இல்லை. என் திருத்தம் முரட்டுத்தனமானது, ஆனால் ஓட்டையை அடைத்தது. ஒரே கையொப்பத்தோடு பதிப்பு வெளியேற வேண்டுமென்றால், கையொப்பமிடுவோர் பட்டியலிலிருந்து மற்ற பெயரை எடுக்க வேண்டும். உரிமையாளர் கணக்கு என்னிடம் இருந்ததால் என்னால் அது முடியும். பதினொரு மணிக்குக் கே-ஏழின் பெயரை எடுத்தேன். பெயரை எடுத்தால், எல்லாரும் பார்க்கும் மாற்றப் பதிவில் காரணம் எழுத வேண்டும். எழுதினேன்: "நீக்கம். செயல்பாட்டில் இல்லை."

பதினொன்று இருபதுக்குப் பதிப்பு வெளியேறியது. ஆய்வாளர் நன்றி சொன்னார். யாருக்கும் எந்தப் பாதிப்பும் வரவில்லை.

அன்று மாலை நாலு மணிக்குக் கே-ஏழின் கையொப்பத்தோடு கடிதம் வந்தது.

"வெளியீட்டைப் பார்த்தேன். சரியான முடிவு. சனிக்கிழமை நான் அனுப்பிய கடிதத்தில் கையொப்பம் இல்லை. நீங்கள் நம்பாததும் விதிப்படி சரி. என் திருத்தத்தை இணைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்."

அவருடைய திருத்தத்தைத் திறந்தேன். என்னுடையது ஓட்டையை அடைத்தது. அவருடையது அந்த ஓட்டை வர வழியே இல்லாமல் செய்திருந்தது. வியாழன் மாலை முடித்து வைத்தது. ஏன் இப்படி என்று விளக்க ஒரு வரியும் எழுதியிருந்தார். உடனே பெயரைத் திரும்பச் சேர்க்கிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. மறுநாளும் எழுதினேன். பதில் இல்லை. பிறகு நான் எழுதியவை எல்லாம் நீளமாகிக்கொண்டே போயின, எதற்கும் பதில் வரவில்லை.

இருபத்து மூன்று நாள் காலையில் திரையைத் திறந்து மூடினேன். திருத்தங்கள் வந்தன. பார்த்தேன், ஏற்றேன். எந்த இடத்தில் அவர் நின்றிருப்பார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு அந்த இடத்தில் நிற்பேன். கேள்வியையும் அவர் குரலில் நானே கேட்பேன். பதில் சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இருபத்து நாலாம் நாள் குப்பைக்குள் தேடி அந்தக் கடிதத்தை எடுத்து, எண்ணைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, ஆராக்கும்?" என்றது ஓர் ஆண் குரல். சுற்றிலும் மழைச் சத்தம்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியம் வாயில் நின்றுவிட்டது. "உங்க நம்பர் போட்டு எனக்கு ஒரு மெயில் வந்திருந்து" என்றேன்.

"மெயிலும் ரெயிலும் எனக்குத் தெரியாது சாரே. நான் லைன்மேனாக்கும். லைன் கம்ப்ளெயிண்டா? எந்த போஸ்ட்டு?"

"கம்ப்ளெயிண்ட் இல்ல. உங்க போன வேற யாராவது வாங்கினாவளா? ஒரு மாசம் முந்தி, சனிக்கிழம?"

"ஓ, அது நம்ம டீச்சராக்கும்! ரப்பர் மரம் விழுந்து நாலு போஸ்ட்டு போச்சில்லா, அந்தச் சமயம். டீச்சருக்க போன் சார்ஜு தீந்து கிடந்து. ஒரு மெயில் அனுப்பணும் சசியண்ணா, போன ஒண்ணு தாருங்கோண்ணு கேட்டாவ. குடுத்தேன். என்ன சாரே, வல்ல பிரச்சினையும் உண்டா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல. நீங்க இப்பம் எங்க நிக்கிறிய?"

"ஆரியங்கோட்டுல."

என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். நெய்யாற்றின்கரையில் மாறி ஏற வேண்டும். பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

லைன்மேன் சசி பேச்சை நிறுத்தவில்லை. "நானும் நாலு பேரும் அஞ்சாறு நாளு மழையில நிண்ணோம் சாரே. அந்த டீச்சர் தினமும் குடையும் பிடிச்சோண்டு வந்து, அண்ணா இண்ணைக்கு வருமா, இண்ணைக்கு வருமாண்ணு ஒரே கேள்வி. என்ன டீச்சர் இவ்வளவு அவசரம், பிரிட்ஜுல மீனு கிடக்காண்ணு நான் கேட்டேன். சிரிக்கல்ல. அங்க ஒராளு எனக்காண்டி காத்திருக்குண்ணு சொன்னாவ."

போனை வைத்த பின் என் நோட்டுகளை எடுத்தேன். பதினோரு ஆண்டுகளில் பெருங்காற்று, முழு அடைப்பு, கரண்ட் இல்லாத மாலைகள் எல்லாம் அதில் கிழமையோடு இருந்தன. பக்கத்தில் கே-ஏழின் கடிதங்களைத் தேதிவாரியாக வைத்தேன். எங்கள் வீட்டில் கரண்ட் போன பெரிய மழை நாட்களில் ஒன்றில்கூட அவர் எழுதியதில்லை. நானும் இருட்டில் உட்கார்ந்திருந்ததால் அவர் எழுதாதது எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் திரும்பியிருக்கிறோம். எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. ஒருமுறைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். சசி பஸ் நிறுத்தத்தில் நின்று வழி காட்டினார். முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டுக் கொட்டகையில் டியூஷன் பெஞ்சுகள். வீட்டுக்கு எதிரே புதிய கரண்ட் போஸ்ட். கே-ஏழு என்ற ஷீபா டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். கணக்கு டியூஷன் எடுக்கிறவர். சசி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், வாசலிலேயே நின்றிருந்தார்.

நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். அவரும் ஆங்கிலத்தில் சொன்னார். பயணம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். நன்றாக இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆரியங்கோட்டு முற்றத்தில் இரண்டு பேர் இப்படி நின்றுகொண்டிருந்ததைச் சசி மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சரே, சாரு குளத்தூர்க்காரராக்கும். தமிழு தெரியும்" என்றார்.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். "சார், எனக்கு நாக்கு வளைய மாட்டேங்குது. உங்கள நினைச்சாலே இங்கிலீஷாக்கும் வருது."

"எனக்கும் அப்பிடித்தான் டீச்சர்."

காப்பி வந்தது. சசி விடைபெற்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மன்னிக்க வேண்டும், திரும்ப வர வேண்டும் என்றேன்.

"மன்னிக்க என்ன உண்டு? கையெழுத்து இல்லாத கடிதத்த நம்பப்பிடாதுண்ணு எழுதுனது நானும் சேந்துதானே. உங்க எடத்துல நானா இருந்தாலும் குப்பையிலதான் போடுவேன். புதன்கிழம வெளியிட்டதும் சரி. பேர எடுத்ததும் சரி. எடுக்காம முடியாதே."

"பின்ன ஏன் டீச்சர் பதில் எழுதல்ல?"

அவர் டம்ளரை வைத்தார். "அந்த ஒரு வரி சார்."

திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாராம். எங்கள் வெளியீட்டுக்குப் பிறகு எட்டாம் நாள் நேர்காணல். பட்டம் வாங்கி நாளாகிவிட்டது, இடையில் வேலை அனுபவம் இல்லை. காட்டுவதற்கு இருந்தது பார்சர் ஒன்றுதான். பதினோரு ஆண்டு. பார்சரின் இணைய முகவரியைக் கொடுத்தார். அவர்கள் அங்கேயே திறந்து பார்த்தார்கள். கே-ஏழு என்ற பெயருக்கு எதிரே முதல் வரியே, நீக்கம், செயல்பாட்டில் இல்லை.

"கரண்ட் போச்சுண்ணு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய? பாத்துட்டுச் சொல்லுறோம்ணாங்க. அதனாலதான் கிடைக்கல்லைண்ணு நான் சொல்ல மாட்டேன் சார். அது எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்லப்பிடாது."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். இரண்டு பேர் சொல்லாமல் ஆற்றுத் தண்ணீரின் அளவைக்கூட நோட்டில் ஏற்றாத நான், ஒரு மனிதரைப் பற்றி யாரிடமும் விசாரிக்காமல் மூன்று சொல் எழுதி, உலகம் பார்க்கும் இடத்தில் வைத்திருந்தேன். "பதில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்த உண்மை. அவர் செயல்பாட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் குடை பிடித்துக்கொண்டு போஸ்ட்டின் கீழே நின்றிருந்தார்.

"அந்த வரிய அழிச்சிருதேன் டீச்சர். பழைய வரலாற்றையே மாத்தி எழுதிரலாம்."

"வேண்டாம். உலகம் முச்சூடும் காப்பி எடுத்து வெச்சிருக்கு. நம்ம அழிச்சா அவங்களுக்குத்தான் கொழப்பம். கீழ எழுதுங்க. சரியானத கீழ எழுதுனா போதும்."

கே-ஏழு எப்போதும் சொல்லும் பதில்தான் இது. ஆங்கிலத்தில் வாசித்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்த்தேன். திருத்த வரியையும் எழுதினேன்: "மேலே உள்ள காரணம் தவறு, விசாரிக்காமல் நான் எழுதியது. கே-ஏழு செயல்பாட்டில்தான் இருந்தார். ஆறு நாள் மின்சாரம் இல்லை." பட்டியலில் மறுபடியும் இரண்டு பெயர். ஆகவே இந்த வரி ஏற அவர் கையொப்பம் வேண்டும். காத்திருந்தேன். இந்தமுறை எவ்வளவு நாளானாலும் காத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். பக்கத்து வீட்டு எண் என்ற வழக்கத்தை அந்த நாட்களில்தான் எழுதினேன். அவர் பெயருக்கு எதிரே முதலில் சசியின் எண். என் பெயருக்கு எதிரே எங்கள் கிழக்கு வீட்டுக்காரர். பொறுப்பாளர் ஒருவர் பேசாமல் போனால், பெயரைத் தொடுவதற்கு முன் யாராவது ஒருவர் அவர் கதவைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பதிப்பை உடனே வெளியிட வேண்டிய நெருக்கடி உங்களுக்கும் வரும். வெளியிடுங்கள். அதில் தயங்க வேண்டாம். அந்த அவசரத்தில் ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால், உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒன்பதாம் நாள் காலை குறிப்பு வந்தது. "ஆறு நாள் என்பது தவறு. ஐந்து நாள் இருபது மணி நேரம். வியாழன் இரவு ஏழு முதல் புதன் பிற்பகல் மூன்று வரை. திருத்தினால் கையொப்பமிடுகிறேன்." மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீங்க பாக்காத்த மணிக்கணக்கையும் எழுதி வெச்சிருக்காவ. உங்களுக்கு ஏத்த ஆளுதான்" என்றாள்.

திருத்தினேன். கையொப்பம் வந்தது. வரி ஏறியது. அதே மணி நேரத்துக்குள் அவரிடமிருந்து இன்னொரு கோரிக்கை. தன் பெயரைத் தானே பட்டியலிலிருந்து எடுக்கக் கேட்டிருந்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில்: "சொந்த விருப்பப்படி விலகல். மின்சாரம் இருக்கிறது."

அது நிறைவேற என் கையொப்பம் வேண்டும்.

நான் போடவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. மறுக்கவும் இல்லை. புதிய பதிப்பு எதுவும் வெளியிடாமல் திருத்தங்களைச் சேர்த்து வைத்தேன். தினமும் காலையில் திறந்தால் அது இருக்கும். அவரிடமிருந்து எனக்கு வந்த, நான் பதில் சொல்ல வேண்டிய கடிதம் ஒன்று மிச்சமிருக்கிறது என்பது எனக்குப் போதுமாக இருந்தது. ஓணம் கழிந்து ஒரு ஞாயிறு அவரே கூப்பிட்டார்.

"சார், எத்தன நாளு என்னப் பிடிச்சு வெக்கப் போறிய?"

"கையெழுத்துப் போட்டா பின்ன எதுக்கு டீச்சர் எனக்கு எழுதுவிய?"

"எழுதல்லேண்ணா என்ன? பஸ் உண்டில்லா. வீட்டம்மையையும் கூட்டிட்டு வாருங்க. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வெக்கிறேன்."

"திரும்ப வர மனசே இல்லியா?"

கொட்டகையில் பிள்ளைகள் ஒன்றாகச் சத்தம் போடுவது கேட்டது. "இங்க நாப்பது பிள்ளேளு உண்டு சார். கணக்கோட கூட இந்த வருஷம் கம்ப்யூட்டரும் சொல்லிக்குடுக்கேன். இருட்டுல இருந்த அந்த அஞ்சு நாளும் நான் உங்களத்தான் நினைச்சிட்டிருந்தேன். நம்மாளுக்குத் தெரியும், நமக்காண்டி காத்திருப்பாருண்ணு. பின்ன கரண்ட் வந்து. பாத்தேன். அதுக்குப் பொறவு அந்த இங்கிலீஷு எனக்கு வரமாட்டேங்குது. கோபம் இல்ல, சத்தியமாட்டு. வரமாட்டேங்குது, அவ்வளவுதான்."

போனோம். மனைவியும் அவரும் ஐந்தே நிமிடத்தில் உறவுக்காரர்களைப்போல ஆகிவிட்டார்கள். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டோம். மழையைப் பற்றி, ரப்பர் விலையைப் பற்றி, பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். அதன் பிறகும் சிலமுறை போயிருக்கிறேன். நல்ல மனுஷி. நல்ல வீடு. பார்சரைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கே-ஏழுக்கு எழுத வேண்டும்போலத் தோன்றும். இன்று ஆரியங்கோட்டுக்குப் போயிருந்தேன், அங்கே ஒரு டீச்சரைப் பார்த்தேன் என்று. எழுதினால் அவர் எந்த இடத்தில் நிற்பார், எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மூவரின் பெயரையும் பட்டியலில் சேர்ப்பதற்கு முந்தைய நாள் காலை, காப்பிக்கு முன், அந்தக் கோரிக்கையைத் திறந்தேன். அவர் எழுதிய காரணத்தில் திருத்த ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்தேன். ஒன்றும் இல்லை. சசிக்குப் போன் செய்து ஆரியங்கோட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "உண்டு சாரே, ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டேன்.